மஞ்சள் சீட்டு

கோதுமை அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிய ரயில் கம்பெனி விட்டுப்போன காலி வேகன்களை லோர்னா எண்ணினாள். எட்டு வரவேண்டும், ஒன்பது நின்றன. கடைசி வேகனின் எண் 417.

போன வருஷம் அந்த 417-இல்தான் அவளோடு வேலை பார்த்த வெர்லின் மஞ்சள் சீட்டு கட்டினான்: "பிரேக் பிடிக்காது." அவர்கள் வேலை பார்த்த, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து நாற்பது மைல் குட்டி ரயில் பாதைக்கு முதலாளியான ஹார்லன், சரக்கு தேங்குகிறதென்று சீட்டைக் கிழித்தெறிந்தார். மறுநாள் வேகன் தானாக உருண்டு வெர்லினைக் கொன்றது. பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்கு அனுப்பியதை லோர்னா கூடவே நின்று பார்த்தாள்.

இப்போதும் மஞ்சள் சீட்டு தொங்கியது. வெர்லினின் அதே கோணல் எழுத்து.

ஹார்லன் தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? கோதுமை தரையில குவிஞ்சு கிடக்கு. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு ரயில எடு."

"வெட்டிப் போட்ட வேகன் எப்படி வந்துச்சுன்னுகூட கேக்க மாட்டீங்களா?"

"எட்டுக்கு ஒம்பதா வந்திருக்கு. கசக்குதா உனக்கு?"

"ஒரு ஆளு உயிரு போச்சு ஹார்லன். வெக்கமா இல்ல? என் கையால கிழிக்க மாட்டேன். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே, நீங்களே கிழிங்க."

கிழித்தார். "வாய் ரொம்பத்தான் நீளுது" என்று முனகிக்கொண்டே பிக்கப்புக்குத் திரும்பினார். கதவைத் திறந்தவர் ஏறாமல் உள்ளே குனிந்து பார்த்தார்.

லோர்னா எட்டிப் பார்த்தாள். ஸ்டீயரிங்கில் ஒரு மஞ்சள் சீட்டு கட்டியிருந்தது. அதே கோணல் எழுத்து, அதே இரண்டு வார்த்தை.

ஹார்லன் அதையும் கிழித்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.