பாதி இரும்பு

“அண்ணி, இது கிடங்குக் கூரையா, யானை கட்டுற கொட்டகையா? எதுக்கு இவ்வளவு இரும்பு?”

கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு அண்ணி போட்ட வரைபடத்தைக் கொழுந்தன் கசக்கினான்.

“காரணத்தைக் கேட்டுட்டுப் பேசு.”

“ஒண்ணும் வேண்டாம். பாதி இரும்பே போதும்னு கம்ப்யூட்டர் சொல்லுது!”

கசக்கியது குப்பைக்கூடைக்குப் போனது. ஆபீஸை நடத்தும் அண்ணனும் தம்பி பக்கமே சாய்ந்ததால், அவன் வரைபடமே ஒப்புதலுக்குப் போனது.

சாயங்காலமே அதிகாரி ஸ்பீக்கர் போனில் பொரிந்து தள்ளினார்.

“மேலேர்ந்து அழுத்துற பாரத்தை மட்டும் பார்த்திருக்கீங்க. கீழேர்ந்து காத்து தூக்காதா? இவ்வளவு லேசா இருந்தா புயல்ல கூரையே பறந்துடும். எடையை ஏத்துங்க!”

கொழுந்தன் பேனாவை எடுத்தான். “எவ்வளவு சார்?”

“ரெண்டு மடங்கு!”

அண்ணி குப்பைக்கூடையைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.