வராதவர்களின் பங்கு

மண்டபத்து மேடையில் இருந்த பெரிய பியானோ மாதம் ஒரு முறை வகுப்பு நடத்தும். ஒரு மாணவர் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். பியானோ தவறைத் திருத்தும். கேட்க வந்தவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

அன்று வாசிக்க வேண்டியது அணில். ஒரு மாதமாக ஒரே மெட்டு, ஒரே இடத்தில் இடது கை தடுக்கியது. அந்த ஓரிடம் சரியானால் போதும் என்று காலையில் ஒரு கொட்டையைக்கூடக் கொறிக்காமல் ஓடி வந்திருந்தது.

போட்டிருந்தவை அறுபது நாற்காலிகள். கேட்க வந்தவை ஓர் ஆமை, ஒரு பல்லி.

பியானோ படாரென்று மூடியைத் திறந்தது. "இவ்வளவுதான் கூட்டமா? கச்சேரின்னா முண்டியடிச்சு வருவீங்க, கத்துக்க மட்டும் கசக்குதோ?"

"நாங்கதான் வந்துட்டோமே, ஐயா," என்றது ஆமை. "நான் நேத்தே கிளம்பினேன்."

"அறுபது நாற்காலிக்கு ரெண்டு பேர்! வெக்கமா இல்ல?"

பல்லி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. அணில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது.

"ஐயா, வராதவங்களைத் திட்டணும்னா அவங்க வீட்டு வாசல்ல போய்த் திட்டுங்க. இப்ப என் இடது கையைக் கொஞ்சம் பாருங்க."

"பாத்தீங்களா! வந்த ஒண்ணு ரெண்டும் எதிர்த்துப் பேசுது!" பியானோ மறுபடி முதலிலிருந்து திட்டத் தொடங்கியது. மணி அடித்து வகுப்பு முடியும்வரை அணில் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

வாசலில் காகம் கேட்டது: "வகுப்பு எப்படி? என்னாலதான் வர முடியல."

"பிரமாதம். உன் பங்குத் திட்டையும் நானே வாங்கிட்டேன்," என்றது அணில். "அடுத்த மாசம் நீ போய் என் பங்கை வாங்கிக்கோ."