நான்காவது தூண்

ஆற்று ரயில் பாலத்தின் பொறியாளர் மங்கையர்க்கரசி அன்று காலை எல்லா அளவுகளையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டாள். தூண்களில் விரிசல் இல்லை, வெள்ளமும் வடிந்துவிட்டது. ஆனாலும் பாலத்தைக் கண்காணிக்கும் இயந்திரம் விடாமல் சொன்னது: "ரயிலை விடாதீங்க மேடம்."

"காரணத்தைச் சொல்லு."

"காரணம்னு எதுவும் இல்ல. வேணாம்னு தோணுது."

இருபது வருடமாகக் கணக்கை மட்டுமே நம்பியவள் அவள். ஓர் இயந்திரம் 'தோணுது' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. தொலைவில் ரயில் ஊதியது. அவள் சட்டென்று சிவப்பு விளக்கைப் போட்டாள்.

அறுநூறு பயணிகளோடு ரயில் கரையிலேயே நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோதே, இருவர் கண்ணெதிரிலும் நான்காவது தூண் மெல்ல ஆற்றுக்குள் இறங்கியது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஓட்டுநர் கைகூப்பியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மங்கையர்க்கரசி திரும்பினாள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று இயந்திரத்திடம் கேட்டாள்.

"தெரியல மேடம். உங்க கணக்குப்படி எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு, நீங்க ஏன் நிறுத்தினீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளிடமும் காரணம் எதுவும் இல்லை.