நடுத்தர விலையில் ஒன்று

போன வருஷம் கனடாக் காட்டில் மான் வேட்டைக்குப் போனபோது, குகதாசன் சுட்ட குண்டு நவரட்ணத்தின் முழங்காலைத் துளைத்துவிட்டது. துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பில்தான் பிழை என்று குகதாசன் எல்லோரிடமும் சொன்னான். இந்த வருஷம் புது ஸ்கோப் வாங்க, நவரட்ணமே ஊன்றுகோலோடு துணைக்கு வந்தார்.

“மலிவானதும் வேண்டாம், பெரிய விலையும் வேண்டாம். நடுத்தரமா ஒண்டு எடு, தம்பி.”

கடைக்காரப் பெண் குகதாசன் கொண்டுவந்த பழைய ஸ்கோப்பை வாங்கிச் சோதனைக் கருவியில் பூட்டி, நெடுநேரம் சோதித்தாள். இதில் ஒரு குறையும் இல்லையே, ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

குகதாசனுக்குக் காதுமடல்கள் சுட்டன. நவரட்ணம் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த ஸ்கோப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, அண்டைக்கு நான் ஸ்கோப்பில கண்ணே வைக்கேல்லை. பத்தையில செடி அசைஞ்சது, மான் எண்டு சுட்டிட்டன்.”

“தெரியும். ஆஸ்பத்திரியில உன்ர முகத்தைப் பாக்கவே தெரிஞ்சிட்டுது. நீயாச் சொல்லுவாய் எண்டு ஒரு வருஷமாப் பாத்துக்கொண்டிருந்தனான்.”

குகதாசன் அவர் கையைப் பிடிக்கப் போனான். அவர் கையை மெல்ல விலக்கிக்கொண்டார்.

“இப்பவும் அந்தக் கடைப் பிள்ளை சொன்ன பிறகுதானே, தம்பி, சொல்லுறாய்.”