நாவல் மரத்தின் மூன்றாவது தண்டு

“முப்பது” என்றாள் சித்தாள், சத்தமாக.

சேற்றுக்கு அந்தப் பக்கம், செங்கல் அடுக்கை ஒட்டி நின்ற பெண் அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டாள். மரங்களைக் கணக்கெடுக்க வந்தவள். புது ஷூ. கலவைத் தண்ணீர் தேங்கின இடத்துக்குள் கால் வைக்கவில்லை.

அதனால் டேப்பைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டாள்.

எப்போதோ வெட்டிப் போட்ட நாவல் மரம். வெட்டின தூரிலிருந்து மூன்று தண்டு கிளம்பி வளர்ந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் சுற்றினால் தண்டின் அகலத்தை டேப்பே காட்டும். சித்தாள் எண்களைப் படிக்கக் கற்றது நாற்பது வயசுக்கு மேல். இன்னும் விரலை வைத்துத்தான் வாசிப்பாள்.

“நாற்பது.”

அதிகாரி வந்ததுமே சொல்லியிருந்தாள். எல்லாத் தண்டையும் சேக்கணும் அக்கா. தண்டு கூடக்கூட, வேருக்கு விடுற வட்டமும் பெருசாகும். வட்டத்துக்குள்ள தோண்டக் கூடாது. கொட்டாய் இருந்தா இன்னிக்கே பிரிச்சிரணும்.

சித்தாளின் கொட்டாய் அந்த மரத்துக்குக் கிட்டேதான் இருந்தது. தகரமும் தார்ப்பாயும். இந்த வருஷத்தில் நாலு தடவை பிரித்து நாலு தடவை கட்டினது.

உள்ளே புருஷன் கிடந்தான். சாரத்திலிருந்து விழுந்து பன்னிரண்டு நாள். புரட்டிப் படுக்க வைத்தாலே ஊரைக் கூட்டுவான்.

“மரத்துக்குச் சட்டை தைக்கப் போறாங்களாடி?” உள்ளிருந்து கேட்டான்.

“ஆமா. உனக்கும் சேத்து.”

மூன்றாவது தண்டு பின்பக்கம், அதிகாரி கண்ணில் படாமல் சாய்ந்திருந்தது. அதன்மேல் அவள் சேலை காய்ந்துகொண்டிருந்தது. சேலைக்கு அடியில் கையை விட்டுச் சுற்றினாள். விரலை வைத்தாள்.

இருபத்தைந்து.

“அவ்வளவுதானா அக்கா?”

முதுகு வலித்தது. காலையிலிருந்தே வலித்தது. நேற்றும்.

“அவ்வளவுதான்.”

முப்பதை முப்பதால், நாற்பதை நாற்பதால் பெருக்கி, கூட்டி, போனில் என்னவோ தட்டி, வந்ததைப் பன்னிரண்டால் பெருக்கினாள் அதிகாரி. “அறுநூறு சென்டி. ஆறு மீட்டர்.”

சுண்ணாம்புக் கோடு கொட்டாய்க்கு ஒரு முழம் முன்னாலேயே வளைந்து போய்விட்டது.

“பிரிக்கணுமா?” என்றான் புருஷன், அதிகாரி போனதும்.

“வேணாம்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மத்தியானம் பொக்லைன் வந்தது. மரத்துக்கு மறுபக்கம், கோட்டுக்குச் சற்று வெளியே, குழாய் போடப் பள்ளம். கொஞ்ச தூரம் தோண்டியதும் நின்றது.

“வேரு வருதுக்கா. கைத்தண்டி இருக்கு.” ஓட்டுகிறவன் தலையை நீட்டினான். “நீங்கதான டேப்பு பிடிச்சீங்க. கோட்டுக்கு வெளியதான இது? இழுத்திரவா?”

வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள்.

“வெளியதான்.”

வேர் பிய்ந்தது மரம் முறிகிற சத்தமாக இல்லை. ஈரமாக இருந்தது.

அவள் வேலைக்குத் திரும்பினாள். புதுத் தூண்களைச் சுற்றிக் கட்டின சாக்குகளை நனைக்கிற வேலை. காங்கிரீட் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடக் கூடாது. மூன்று தூணுக்கு ஊற்றினாள்.

நாலாவதுக்குப் போகவில்லை.

மிச்சம் கிடந்த சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். பிய்ந்த வேரின் நுனியில் அதைச் சுற்றினாள். சணலால் இறுக்கினாள்.

குடத்தைச் சாய்க்கும்போது கொட்டாயிலிருந்து குரல் வந்தது. தாகமாம்.

“இரு” என்றாள். “இங்க ஊத்திட்டு வரேன்.”