திருப்பி வைத்த மொனிட்டர்

"ஏம்மா, இது என்ன கம்பியூட்டரா, சினிமாத் திரையா? திருப்பு அதை உன் பக்கம்!"

வரிசையில் நின்ற பக்கத்துக் கடை முதலாளி பழனியப்பன் போட்ட சத்தத்தில் கலவான பஜாரின் டைப்பும் பிரிண்டும் அடித்துக் கொடுக்கும் அந்தச் சின்னக் கொமியூனிகேஷன் கடையே அதிர்ந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? டைப் செய்கிற பெண் சுதர்சினி, மொனிட்டரை வரிசையில் நிற்பவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தான் மட்டும் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் பலாக்கொட்டை அளவு. ஒரு வரிக்கு மூன்று சொல்தான்.

திரையில் இருந்தது சுப்பம்மாவின் கடிதம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே இறங்கி வந்தவள், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தர் வீட்டு விஷயத்தை ஊரே வாசிக்கணுமா?" பழனியப்பன் விடவில்லை. "இந்தா, நானே முழுசா வாசிச்சிட்டேன். மகள் பேரு பேர்த் சர்ட்டிபிகேட்ல பிழையா விழுந்திருக்கு. திருத்தினாத்தான் ஐடென்டி கார்டு. கார்டு இல்லாட்டி ஓ.எல். பரீட்சை எழுத விடமாட்டாங்க. கடிதம் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். சரிதானே?"

"ஆமாங்க முதலாளி. எங்க விஜயகலா ரெண்டு நாளா சாப்பிடவே இல்லீங்க," என்றாள் சுப்பம்மா. "பதினொரு மணி பஸ்ஸப் பிடிச்சாத்தான் இரத்தினபுரியில கொண்டுபோய்க் குடுக்கலாம்."

"முதலாளி, அது வந்து..." சுதர்சினி வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதே! வேலை தெரியாட்டி கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

பழனியப்பன் இன்னொன்றையும் கவனித்திருந்தார். 'விஜயகலா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விஜயகால' என்று கிடந்தது. பெயர்ப் பிழையைத் திருத்தக் கேட்கும் கடிதத்திலேயே பெயர்ப் பிழை! இதுகளெல்லாம் தமிழ் டைப் பண்ணக் கிளம்பிவிட்டதுகள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார். சொல்லவில்லை. அடுத்தவர் கடிதத்தில் மூக்கை நுழைக்க அவருக்கென்ன தலையெழுத்தா?

அதற்குப் பதிலாக மவுஸைப் பிடுங்கினார்.

"ரைட் கிளிக். டிஸ்பிளே செட்டிங்ஸ். பார், ஸ்கேல் இருநூறுல நிக்குது. நூறுக்கு வை. ரெசொலூஷனுக்கு 'ரெகமெண்டட்'னு போட்டிருக்கிறதைத் தட்டு. அவ்வளவுதான். இதுகூடத் தெரியாம ஒரு கடை!"

எழுத்துகள் எறும்பாகச் சுருங்கின. மொனிட்டரையும் தன் கையாலேயே அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"மொகத மாத்தயா ப்ரஷ்னே?" என்று பின்னால் நின்ற இருவரில் ஒருவர் சிங்களத்தில் கேட்டார். என்ன பிரச்சினை என்று அவருக்கும் சிங்களத்திலேயே ஒரு பாட்டம் விளக்கினார் பழனியப்பன்.

பிரிண்ட் வந்தது. தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தான கையெழுத்தைப் போட்டுவிட்டு, "வரேன் புள்ள, வரேங்க முதலாளி" என்று சுப்பம்மா ஓடினாள்.

அடுத்தது பழனியப்பனின் முறை. அவர் வந்தது ஒரு மனு அடிக்க.

"நான் சொல்லச் சொல்ல அடி. சந்தையில புதுசா வச்ச போர்டுல 'பெண்கள்'னு எழுதத் தெரியாம 'பெண்கல்'னு எழுதி வச்சிருக்கானுங்க. தமிழைக் கேட்க ஆளில்லைன்னு நினைச்சிட்டானுங்களா? ஒரு எழுத்துப் பிழை கண்டாலும் எனக்கு வயிறு எரியும். தெரியுமா?"

சுதர்சினி தலையாட்டினாள். மவுஸை எடுத்தாள். ஸ்கேல் மறுபடியும் இருநூறு. மொனிட்டர் மறுபடியும் வரிசைப் பக்கம்.

பழனியப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இவ்வளவு சொல்லியும் திரும்ப அதையே செய்றியே, என்ன திமிர் உனக்கு! உன் முதலாளியைக் கூப்பிடு!"

"கோவிக்காதீங்க முதலாளி." அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்க தோட்டத்துக்குக் கிட்ட சிங்கள ஸ்கூல் ஒண்ணுதாங்க இருந்துச்சு. அதுலதான் படிச்சேன். தமிழ் பேசுவேன், வாசிக்க வராது. இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ் தானா விழுது. சரியா விழுந்துச்சா, பிழையா விழுந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க."

"அதுக்கு?"

"அதான் நிக்கிறவங்களுக்குத் தெரியற மாதிரி பெருசாக்கித் திருப்பி வைக்கிறேன். பிழை இருந்தா உடனே சொல்லிருவாங்க. இதுவரைக்கும் யாரும் பார்த்துட்டுப் பேசாம இருந்தது இல்லீங்க."

பழனியப்பன் வாசலைப் பார்த்தார். இரத்தினபுரி பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

சுதர்சினி நிம்மதியாகச் சிரித்தாள்.

"இன்னைக்கு நின்னவங்கள்ல தமிழ் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நல்லவேளை, சுப்பம்மாக்கா கடிதத்தை நீங்க முழுசா வாசிச்சிட்டீங்க."