இரண்டாம் ஆண்டுத் தாகம்

உலகத்தோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலத்தின் தண்ணீர்ப் பஞ்சம், லிமா நகரத்தை ஒட்டிய நுவேவா அவுரோரா குன்றின் உச்சியில், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக முடிவுக்கு வரவிருந்தது. முடித்துவைக்கப் போகிறவன் இதே குன்றில் பிறந்த ஜெர்சன் வில்கா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்.

அவன் ஒரு நீலப் பீப்பாயை விரலால் சுண்டினான். 'டங்' என்றது.

"கேட்டீங்களா டாக்டர்? இதுதான் தாகத்தோட சத்தம்."

டாக்டர் பப்ரீசியா கண்ணை மூடிக்கொண்டார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. 'மாபெரும் சமூகச் சவால்களுக்கான இளம் தொழில்நுட்பர் ஃபெலோஷிப்' வழங்கும் அறக்கட்டளையின் நடுவர். குன்றடியிலிருந்து மேலேறும் மஞ்சள் படிக்கட்டு முழுவதும் ஏறிவந்த மூச்சிரைப்பை மனவெழுச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு புகைப்படக்காரர், நிஜமாகவே மூச்சிரைக்க.

ஜெர்சனுக்கு ஃபெலோஷிப்பின் இரண்டாம் ஆண்டு உண்டா, இல்லையா? அதை முடிவுசெய்யத்தான் அவர் வந்திருந்தார். இல்லையென்று சொல்லிவிட்டால், மனிதகுலத்தின் மீட்பர் திங்கட்கிழமையே நகர மையத்திலிருக்கும் மச்சான் கடையில் கைபேசி உறை விற்கப் போகவேண்டியதுதான்.

"கருவி என்ன செய்யும், சொல்லு."

"பீப்பாய்க்குள்ள சென்சார் இருக்கு டாக்டர். தண்ணி தீர்ந்ததும் வீட்டுக்காரங்க போனுக்கு மெசேஜ் போயிடும்."

"என்னன்னு?"

"தண்ணி தீர்ந்துபோச்சுன்னு."

டாக்டர் நெஞ்சில் கை வைத்தார். மூடியைத் திறந்து பார்த்தாலும் இதே தகவல் கிடைக்கும் என்பது குன்றுவாசிகளுக்குத் தோன்றாமல் இல்லை. படித்தவர்கள் உருகும்போது குறுக்கே பேசவேண்டாம் என்று சும்மா இருந்தார்கள்.

ஜெர்சனும் சும்மா படித்தவன் அல்ல. கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் மூன்று வாரம் தங்கிப் பயிற்சி பெற்றவன். 'பிரச்சினை' என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்கக் கூடாது. 'சவால்' என்றுதான் சொல்லவேண்டும். பிரச்சினை என்று சொல்லிவிட்டால் அதைத் தீர்க்கவேண்டும்போலத் தோன்றிவிடும் அல்லவா?

பொதுச் சமையல் கொட்டகையில் எவாரிஸ்தா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். குன்றின் தலைவி அவள்தான். டாக்டர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். புகைப்படக்காரர் வசதியான பக்கம் நகரும்வரை காத்திருந்தார். பிறகு குரல் தழுதழுக்கக் கேட்டார்.

"அம்மா, கடைசியா எப்போ வயிறு நிறையத் தண்ணி குடிச்சீங்க?"

எவாரிஸ்தா ஜெர்சனை ஒரு பார்வை பார்த்தாள். "அதையெல்லாம் யாரு தாயி ஞாபகம் வச்சுக்கிறா?"

"கடவுளே!" என்றார் டாக்டர். "ஜெர்சன், இதை அப்படியே எழுதிக்கோ."

எழுந்தபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "உண்மையைச் சொல்றேன், பயந்துகிட்டேதான் வந்தேன். போன மாசம் மலைப்பக்கம் ஒரு பொண்ணைப் பார்க்கப் போனோம். பாதை இல்லாத ஊருக்கு ட்ரோன்ல மருந்து அனுப்புற திட்டம். தங்கமான பொண்ணு. போய்ப் பார்த்தா, ஊர்க்காரங்களே மண்வெட்டியைத் தூக்கிட்டு ரோடு போட்டு வச்சிருக்காங்க!"

"அய்யய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? சவாலே போச்சே. நிதியை நிறுத்திட்டோம். பாவம், தேம்பித் தேம்பி அழுதா. இந்த ஜனங்களுக்குத் தொலைநோக்கே கிடையாது, ஜெர்சன்."

ஜெர்சன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். லிமாவின் ஜூலை மாதக் குளிரில் அவனுக்கு வியர்த்திருந்தது.

கொட்டகையைச் சுற்றிப் போன டாக்டர் சட்டென்று நின்றார். சுவரோரம் பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஜெரேனியச் செடிகள். இலையெல்லாம் தளதளவென்று, பூவெல்லாம் கொத்துக்கொத்தாகச் சிவந்து கிடந்தன. ஜெர்சன் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"டாக்டர், அது வந்து..."

"பேசாதே!" டாக்டரின் கண்ணில் நீர் கோத்திருந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத புழுதியில இது எப்படிப் பூத்துது? நான் சொல்றேன். இது பூ இல்ல ஜெர்சன். இது மன உறுதி!"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் டாக்டர்."

"ஆண்டறிக்கைக்கு அட்டைப்படம் இதுதான். எடுங்க, எடுங்க."

படம் எடுத்தாயிற்று. டாக்டர் தன் கைப்பையிலிருந்து பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, இரண்டு கையாலும் எவாரிஸ்தாவிடம் நீட்டினார். அதுவும் படமாயிற்று. எவாரிஸ்தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"இரண்டாம் ஆண்டு உனக்குத்தான் ஜெர்சன். மூணாவதுக்கும் நானே சிபாரிசு பண்றேன். இவ்வளவு சுத்தமான சவாலை என் அனுபவத்துல பார்த்ததே இல்ல!"

குன்று கைதட்டியது. டாக்டர் படியிறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வறுமைக்குக் கையசைத்தார்.

ஜெர்சன் விளிம்பில் நின்று, அவருடைய ஜீப் கடைசி வளைவைத் தாண்டிப் பனிமூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பொத்தென்று தரையில் உட்கார்ந்தான்.

"கிடைச்சிடுச்சு அத்தை! கிடைச்சிடுச்சு!"

எவாரிஸ்தா உரித்த கிழங்குகளைப் பானைக்குள் தள்ளிவிட்டுக் கையை உதறினாள்.

"ரொம்ப சந்தோஷம். முதல்ல போய் அந்த வால்வைத் திறந்துவிடு. குழாயில தண்ணி வர ஆரம்பிச்சதுலேருந்து இன்னிக்குத்தான் நாங்க யாருமே குளிக்கல."